ஈயின் கால் உதறலும் பொட்டாசியக் கதவும்

நேயர்களுக்கு வணக்கம்.

நரம்பிலோ இதயத்திலோ எழும் ஒவ்வொரு மின்துடிப்பும் அடங்கியாக வேண்டும். அடக்குவது பொட்டாசியம். செல்லுக்குள் நிறைந்திருக்கும் பொட்டாசியம் அயனிகள் வெளியே பாயும்போது துடிப்பு தணிகிறது. அவை வெளியேறும் வழி, செல்லின் சவ்வில் பதிந்திருக்கும் ஒரு புரதம். பொட்டாசியம் கால்வாய் என்கிறோம். இந்தக் கால்வாய் எப்படித் திறக்கிறது, எப்படி மூடுகிறது? விடை அதன் உருவத்திலேயே இருக்கிறது.

1998-இல் அமெரிக்காவில் ராடெரிக் மெக்கின்னன் குழுவினர், ஒரு மண் பாக்டீரியாவின் கால்வாயைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களால் அதன் உருவத்தைக் கண்டார்கள். மருத்துவம் படித்த அவருக்கு 2003-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. நான்கு ஒரே மாதிரியான புரதங்கள் கூடிநிற்க, நடுவே ஒரு துளை. அதன் வெளிப்பக்கம் மிகக் குறுகலானது. பொட்டாசியத்துக்கு அளவெடுத்தது போன்ற இடம். சோடியம் அதைவிடச் சிறியது, அதனாலேயே அங்கே அது சரியாகப் பொருந்துவதில்லை. உட்பக்கத்தில் புரதத்தின் நான்கு சுருள்கள் சாய்ந்து நெருங்கி வழியை அடைக்கின்றன. ஆக, தேர்வு வெளிப்பக்கம், கதவு உட்பக்கம். 2002-இல் வேறொரு கால்வாயைத் திறந்த நிலையில் கண்டபோது, அதே சுருள்கள் நடுவில் வளைந்து விலகியிருந்தன. வளையும் இடத்தில் இருப்பது கிளைசின், புரதத்தைக் கட்டும் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது; அதனால் சுருள் அங்கே எளிதில் வளைகிறது.

மூடுவதற்கு இன்னொரு வழியும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இங்கேதான் வருகிறது. சற்று விரிவாகவே சொல்கிறேன். பழ ஈக்களில் ஒரு வகை, ஈதர் மயக்கத்தில் கால்களை உதறும். அதனால் அதற்கு ஷேக்கர் என்று பெயர். அந்த உதறலுக்குக் காரணமான மரபணு 1987-இல் பிரித்தெடுக்கப்பட்டது. பார்த்தால், அது ஒரு பொட்டாசியம் கால்வாயின் மரபணு! மின்னழுத்தம் மாறியதும் இந்தக் கால்வாய் திறக்கிறது. சில மில்லி விநாடிகளில், அழுத்தம் அப்படியே இருக்கும்போதே, தானாக அடைத்துக்கொள்கிறது. எதைக் கொண்டு? 1990-இல் ரிச்சர்ட் ஆல்ட்ரிச்சின் ஆய்வகத்தில், புரதத்தின் உட்பக்கம் தொங்கும் வால்நுனியை நீக்கிப் பார்த்தார்கள். அடைப்பு நின்றுபோனது; கால்வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு அந்த வால்நுனியின் இருபது அமினோ அமிலங்களை மட்டும் தனியே தயாரித்து, சவ்வின் உட்புறக் கரைசலில் சேர்த்தார்கள். அடைப்பு திரும்பி வந்தது. கவனியுங்கள், எதனுடனும் இணையாமல் கரைசலில் மிதந்த துண்டு அது. தானே துளையைத் தேடிப்போய் அடைத்துக்கொண்டது! சங்கிலியில் கட்டிய பந்து போல ஒன்று உள்ளிருந்து துளையை அடைக்கலாம் என்று ஆர்ம்ஸ்ட்ராங், பெசானில்லா என்ற ஆய்வாளர்கள் 1977-இல் சோடியம் கால்வாய்க்காகச் சொன்ன கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஷேக்கர் கால்வாயில் இப்படி நான்கு வால்கள். அடைக்க ஒன்று போதும்.

மின்னழுத்தத்தை உணரும் சுருளைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன், நேரம் இடம் தரவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஈதரில் கால் உதறும் இன்னொரு ஈ வகை உண்டு. அதன் மரபணுவுக்கு உறவானதுதான் நம் இதயத்தில் இருக்கும் ஹெர்க் கால்வாய். அதன் உட்குழியில் பலவகை மருந்துகள் சிக்கிக்கொள்கின்றன. இதயத்தின் தாளம் பிறழ்கிறது. டெர்ஃபெனடின் என்ற ஒவ்வாமை மாத்திரை 1990-களின் இறுதியில் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது இதனால்தான். இன்று பெரும்பாலான புதிய மருந்துகளை, மனிதருக்குக் கொடுப்பதற்கு முன் ஹெர்க் கால்வாயை அவை அடைக்கின்றனவா என்று சோதித்துவிடுகிறார்கள்.

வணக்கம்.