உக்கடம் பஸ்ஸில் துண்டு போடுவதும், முட்டியில் வைக்கிற டைட்டானியமும்!

சில்வண்டு இறக்கையில் உட்கார்ந்த பாக்டீரியா செத்துப்போகிறது. மருந்தும் இல்லை, விஷமும் இல்லை. எப்படி? அதற்கு முன்னால் உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு ஒரு நடை போய் வரலாம், வாங்க.

பொள்ளாச்சி பஸ் இன்னும் நிற்கவே இல்லை. ஜன்னல் வழியே துண்டு விழுகிறது, டிபன் பை விழுகிறது. நீங்கள் படியேறிப் போனால், "ஏனுங்க, ஆள் வருதுங்க!" முடிந்தது கதை. மூட்டு மாற்றும்போது வைக்கிற டைட்டானியமும் அப்படியொரு காலி சீட்தான். எலும்புச் செல் ஒரு பக்கம் ஓடி வருகிறது, பாக்டீரியா ஒரு பக்கம். கிரிஸ்டினா என்ற எலும்பு மருத்துவர் 1987-லேயே இதைப் பந்தயம் என்றுதான் சொன்னார். நம் தோலில் குடியிருக்கிற ஸ்டெஃபைலோகாக்கஸ் முதலில் துண்டு போட்டுவிட்டால், வம்சத்தையே உட்கார வைத்துவிடும். பிசின் மாதிரி படலம் கட்டி உள்ளே பதுங்கும். தோப்பில் சொட்டுநீர்க் குழாயை அடைக்குமே வழவழவென்று, அதே ரகம். ஆன்டிபயாட்டிக் அங்கே சரியாக எடுபடாது. பல சமயம் வைத்த மூட்டையே கழற்ற வேண்டிவரும்.

அதனால்தான் பூச்சு. வெள்ளி பூசுகிறார்கள், அளவு மீறினால் நம் செல்லுக்கும் ஆகாது. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கைப் பூசுகிறார்கள், கரைந்து தீரும்வரைதான் காவல். சரி, சில்வண்டுக்கு வருவோம்.

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறும்போது காதைத் துளைக்குமே, அந்தக் கூட்டம்தான். 2012-இல் ஆஸ்திரேலியாவில் ஒரு வகைச் சில்வண்டின் இறக்கையை ஆராய்ந்தார்கள். முழுக்க மொட்டை ஊசிகள், உயரம் சுமார் 200 நானோமீட்டர். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வந்து உட்கார்ந்தால், ஊசிகளுக்கு நடுவே அதன் தோல் இழுபட்டுக் கிழிகிறது. துண்டு போட்ட சீட்டில் ஆணி!

ஆனால் ஒரு வில்லங்கம். செல்சுவர் தடித்த ஸ்டெஃபைலோகாக்கஸ் அதில் சாகவில்லை. நமக்கு முக்கிய எதிரியே அதுதானே! அடுத்த வருடம் தட்டான் இறக்கையில் பார்த்தார்கள். இரண்டுமே காலி! வாலில் நூல் கட்டிப் பறக்கவிட்ட நாமெல்லாம் அந்த இறக்கையை ஒரு தரமாவது உற்றுப் பார்த்தோமா?

இப்போது ஆய்வகங்களில் டைட்டானியத்தைக் காரக் கரைசலில் வேகவைத்து அதே மாதிரி ஊசி முளைக்க வைக்கிறார்கள். எனக்கு ஒரே கவலைதான். செத்ததெல்லாம் ஊசிமேல் குவிந்தால், அடுத்து வருவது மெத்தையில் உட்காருகிற மாதிரி உட்காருமே! உடம்புக்குள் போய் யார் துடைப்பது? யோசனை இருந்தால் கமெண்டில் போடுங்க. துண்டு போட்டும் சீட் பறிபோன கதை இருந்தால் அதையும்.