அமெரிக்க பிசிஷியன் அசிஸ்டன்ட் மேற்படிப்பு: விண்ணப்பம் எங்கே தடுக்கி விழுகிறது?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் துணை மருத்துவப் படிப்பு, நர்சிங் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

பெற்றோர் நிறைய பேர் வந்திருக்கிறீர்கள். பணம் எவ்வளவு ஆகும் என்பதுதான் உங்கள் முதல் கேள்வியாக இருக்கும். அதற்கு வருவோம். அதற்கு முன்னால் கசப்பான ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறோம். பிசிஷியன் அசிஸ்டன்ட் என்றால் டாக்டரோடு சேர்ந்து நோயாளிகளைக் கவனிப்பவர். இங்கே மூன்று வருடப் பாடமும் ஒரு வருட இன்டர்ன்ஷிப்பும் முடித்து பி.எஸ்சி. பிசிஷியன் அசிஸ்டன்ட் பட்டம் வாங்கியவர், அமெரிக்காவில் அதே வேலையில் நேரடியாகச் சேர முடியாது. எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டரும் சேர முடியாது. அங்கே உரிமம் வேண்டுமென்றால் பான்ஸ் என்ற தேசியத் தேர்வில் தேற வேண்டும். 300 கேள்விகள், 5 மணி நேரம். அதை எழுத, ஏ.ஆர்.சி-பி.ஏ. என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்திருக்க வேண்டும். அந்த அங்கீகாரம் அமெரிக்கப் படிப்புகளுக்குத்தான் உண்டு. "எங்களிடம் சேர்ந்தால் நேரே லைசென்ஸ்" என்று சொல்லும் ஏஜென்டிடம் இந்த ஒரு விஷயத்தைக் கேளுங்கள், போதும்.

இந்தத் தொழில் 1965இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்த நான்கு பேர்தான் முதல் மாணவர்கள். நம் பக்கம் 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே.எம். செரியன் தொடங்கிவைத்தார். பெயர் ஒன்றுதான் என்றாலும் அதிகாரம் வேறு. அங்கே ஐம்பது மாநிலங்களிலும் பிசிஷியன் அசிஸ்டன்ட் மருந்துச் சீட்டு எழுதலாம். நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, சிகிச்சையைத் தொடங்குகிறார். இந்த வித்தியாசம் உங்கள் மனதில் பதியாவிட்டால், ஏன் இந்தத் தொழில் என்று விண்ணப்பத்தில் எழுதும் கட்டுரையும் நேர்காணலும் தடம் மாறிப் போகும்.

அமெரிக்காவில் இந்தப் படிப்பு இப்போது முதுகலைப் பட்டம், பெரும்பாலும் 24 முதல் 30 மாதம். முதல் பாதி வகுப்பு, இரண்டாம் பாதி மருத்துவமனை. இடையில் பகுதி நேர வேலைக்கு வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விண்ணப்பம் பெரும்பாலும் காஸ்பா என்ற பொதுத் தளம் வழியாகப் போகும். ஏப்ரல் கடைசியில் திறக்கும். முதல் கல்லூரிக்குச் சுமார் 185 டாலர், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 60 டாலருக்குச் சற்று மேல். பத்து கல்லூரி என்றால் 700 டாலரைத் தாண்டும். இதற்கு மேல் சில கல்லூரிகள் தனிக் கட்டணமும் கேட்கும். பணம் கட்டும் முன் ஒவ்வொரு கல்லூரியின் தளத்திலும் வெளிநாட்டு மாணவர் பக்கத்தைப் படியுங்கள். அமெரிக்கக் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் மட்டுமே சேர்க்கும் கல்லூரிகள் நிறைய. வெளிநாட்டுப் பட்டத்தை ஏற்றாலும், குறிப்பிட்ட பாடங்களை அமெரிக்கக் கல்லூரியில்தான் படித்திருக்க வேண்டும் என்பவை இன்னும் சில. இந்த வடிகட்டலை நீங்களே செய்யாவிட்டால் அவர்கள் செய்வார்கள். கட்டிய பணம் திரும்பாது. இருபது இடத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதைவிட, தகுதி பொருந்தும் ஆறு இடம் மேல் என்பது எங்கள் கருத்து.

முன்தேவைப் பாடங்களுக்கு வருவோம். அனாடமி, பிசியாலஜி, மைக்ரோபயாலஜி, பொது வேதியியல், உயிர் வேதியியல் அல்லது கரிம வேதியியல், புள்ளியியல், உளவியல். பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். அறிவியல் பாடங்களுக்கு ஆய்வகமும் சேர்ந்திருக்க வேண்டும் என்பார்கள். நம் மாணவர்களுக்குப் பொதுவாக உதைப்பது புள்ளியியலும் உளவியலும்தான். பாடத்திட்டத்தில் வேறு ஏதாவது தாளுக்குள் ஒரு பகுதியாகப் படித்திருப்பார்கள். தனிப் பாடமாக மதிப்பெண் பட்டியலில் இருக்காது. "நாங்கள் படித்தோமே" என்று சொன்னால் எடுபடாது. பாடத்திட்ட நகலைக் கல்லூரி முத்திரையோடு வாங்கி வைத்துக்கொண்டு, விண்ணப்பிக்கும் முன்பே சேர்க்கை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பதிலைச் சேமித்து வையுங்கள். பாடம் படித்து ஐந்து வருடமோ பத்து வருடமோ கடந்தால் செல்லாது என்ற விதியும் பல இடங்களில் உண்டு.

நம் பட்டத்தை அவர்கள் முறைக்கு மாற்றிச் சொல்ல டபிள்யூ.இ.எஸ். போன்ற நிறுவனங்களின் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். பாடவாரியான அறிக்கையைக் கேளுங்கள். பட்டத்தை மட்டும் மதிப்பிடும் சின்ன அறிக்கை மலிவு, ஆனால் இதற்கு உதவாது. மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே உறையிலிட்டு, ஒட்டிய இடத்தில் கையெழுத்தும் முத்திரையும் இட்டு அனுப்ப வேண்டும், அல்லது மின்வழியில் நேரடியாக அனுப்ப வேண்டும். நீங்கள் பிரித்துப் பார்த்த உறை செத்த உறை. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக மாணவர்கள் கிண்டிக்கும், புதுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் காலாப்பட்டுக்கும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் சிதம்பரத்துக்கும் எழுத வேண்டியிருக்கும். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை இது. ஏப்ரலில் காஸ்பா திறக்கும்போது அறிக்கை கையில் இருக்க வேண்டுமானால், முந்தைய தீபாவளிக்குள் ஆரம்பித்துவிடுங்கள். அரியர் இருந்தால், தேறாமல் போன தேர்வின் மதிப்பெண் பட்டியலும் சேர்ந்தே போகட்டும். மறைத்தது பின்னால் தெரிந்தால் கிடைத்த இடமும் போய்விடும்.

பெயர். இதில்தான் தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டுகிறார்கள். மதிப்பெண் பட்டியலில் "எஸ். கவிதா". பாஸ்போர்ட்டில் "கவிதா சுப்பிரமணியன்". வேலை செய்த மருத்துவமனை தந்த கடிதத்தில் "கவிதா எஸ்." மூன்றும் மூன்று ஆளாகத் தெரியும். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே காஸ்பாவிலும், மதிப்பீட்டு விண்ணப்பத்திலும், ஆங்கிலத் தேர்விலும் எழுதுங்கள். பழைய வடிவத்தை, அதற்கென இருக்கும் மாற்றுப் பெயர்க் கட்டத்தில் குறிப்பிடுங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயராகப் போய், முதற்பெயர் இடத்தில் "எஃப்.என்.யு." என்று விழும். முதற்பெயர் தெரியவில்லை என்று பொருள். வாழ்க்கை முழுக்க வங்கியிலும் உரிமத்திலும் அதை விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். விண்ணப்பத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டைத் திருத்திவிடுங்கள்.

அடுத்தது நோயாளிப் பராமரிப்பு அனுபவம். சில கல்லூரிகள் 500 மணி நேரம் கேட்கும், சில 1000, சில 2000. காஸ்பாவில் இது இரண்டு தலைப்பாக இருக்கும். நோயாளியின் உடல்நிலைக்கு நீங்கள் நேரடிப் பொறுப்பேற்றுச் செய்த வேலை ஒன்று. மருத்துவமனைக்குள் இருந்தாலும் வரவேற்பு, பில்லிங், ரெக்கார்டு போன்றவை இன்னொன்று. இரண்டையும் கலக்காதீர்கள். பட்டப் படிப்பின் பகுதியான இன்டர்ன்ஷிப்பைப் பல கல்லூரிகள் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே பட்டம் வாங்கியபின் சம்பளத்துக்கு ஒரு வருடம் வேலை பார்ப்பது வீண் அல்ல. வாரம் 40 மணி நேரம், 50 வாரம் என்றால் 2000 மணி நேரம் வந்துவிடும். வேலை பார்க்கும்போதே பணிக் கடிதம், சம்பளச் சீட்டு, மேற்பார்வையாளரின் தொடர்பு விவரம் மூன்றையும் சேர்த்து வையுங்கள். "நோயாளிகளைக் கவனித்தேன்" என்று பொதுவாக எழுதாமல், ரத்த அழுத்தம் பார்த்தது, டிரெஸ்ஸிங் மாற்றியது, அறுவை அரங்கில் இரண்டாம் உதவியாளராக நின்றது என்று வேலையைச் சொல்லுங்கள்.

பரிந்துரைக் கடிதம் குறைந்தது இரண்டு, பெரும்பாலும் மூன்று. நம் ஊர் வழக்கம் உங்களுக்கே தெரியும்: "நீயே எழுதிட்டு வாப்பா, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்." அது இந்த விண்ணப்பத்தில் நடக்காது. காஸ்பா நேரே அந்த டாக்டரின் மின்னஞ்சலுக்கு இணைப்பு அனுப்பும். அவரே உள்ளே போய் உங்களை மதிப்பிட வேண்டும். மூவருக்கும் ஒரே நடையில் கடிதம் இருந்தால் படிப்பவர் கண்டுபிடித்துவிடுவார். டாக்டருக்கு நேரமில்லை என்பது உண்மைதான். ஆகவே இரண்டு மாதம் முன்பே கேட்டு, நீங்கள் அவரிடம் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பெரிய பேர் கொண்ட தூரத்து டாக்டரைவிட, தினமும் உங்கள் வேலையைப் பார்த்தவர் எழுதுவதே பலன் தரும்.

கட்டுரைக்கு இடைவெளி உட்பட 5000 எழுத்துக்குறிகள். மருத்துவராக முடியவில்லை, அதனால் இது என்ற தொனி எட்டிப்பார்த்தால் முடிந்தது கதை. ஆங்கிலத் தேர்வு, சில இடங்களில் ஜி.ஆர்.இ. என்ற மேற்படிப்பு நுழைவுத் தேர்வு, வேறு சில இடங்களில் காஸ்பர் என்ற சூழ்நிலைத் தேர்வு. அந்தந்தக் கல்லூரி கேட்டால் மட்டும் எழுதுங்கள்.

பல கல்லூரிகள் விண்ணப்பம் வர வர இடம் நிரப்பும். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரிதான். கடைசி நாளில் அனுப்பியவருக்கு விதிப்படி உரிமை உண்டு, சீட் இருக்காது. சில கல்லூரிகளுக்குக் கடைசி நாள் என்பது நீங்கள் அனுப்பும் நாள். வேறு சிலவற்றுக்குக் காஸ்பா சரிபார்த்து முடிக்கும் நாள். சரிபார்க்க வாரங்கள் ஆகலாம். ஜூலைக்குள் அனுப்பிவிடுங்கள்.

இப்போது பணம். கல்விக் கட்டணமே பல இடங்களில் ஒரு லட்சம் டாலரை நெருங்கும் அல்லது தாண்டும். தங்கும் செலவு தனி. அமெரிக்க அரசின் கடன் உங்களுக்குக் கிடையாது. எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கான ஐ-20 படிவத்தைக் கல்லூரி தர, முதல் வருடச் செலவுக்குப் பணம் இருப்பதை நீங்கள் காட்ட வேண்டும். வங்கியின் கடன் அனுமதிக் கடிதத்தைப் பல கல்லூரிகள் ஏற்கும். அரசு வங்கியில் ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். பத்திரம் தாத்தா பெயரிலேயே கிடந்தால் கடன் அங்கேயே நின்றுவிடும். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பிள்ளை விண்ணப்பம் எழுதும் காலத்திலேயே பெற்றோர் எடுத்து வையுங்கள்.

இடம் கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், சில நாட்களுக்குள் முன்பணம் கட்டச் சொல்வார்கள். பெரும்பாலும் அது திரும்பி வராது. கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஐ-20 எத்தனை வாரத்தில் வரும், விசா மறுக்கப்பட்டால் அடுத்த வருடத்துக்கு இடத்தை ஒத்திவைப்பீர்களா? பதில் எழுத்தில் வந்தபின் பணத்தை அனுப்புங்கள்.