வெள்ளையம்மாவுக்கு மூச்சுத் திணறல்: ஆறு வாரத் தலைவலி தீர்ந்த கதை

வணக்கம். வேறு எதையும் பேசுவதற்கு முன்னால் இந்தச் சத்தத்தைக் கேளுங்கள்.

உஸ்ஸ்ஸ்.

கேட்டதா? இன்னொரு முறை போடுகிறேன். உஸ்ஸ்ஸ். சோடா பாட்டிலைத் திறந்தது போல இருக்கிறது, இல்லையா? ஆனால் சோடாவில் காற்று வெளியே வரும். இங்கே காற்று உள்ளே போகிறது. இந்த இரண்டு வினாடிச் சத்தத்தைக் கேட்பதற்கு எனக்கு ஆறு வாரமும் 6,190 ரூபாயும் ஆகியிருக்கிறது. ஆகையால் மூன்றாவது முறையும் போடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உஸ்ஸ்ஸ்.

என் கார் வெள்ளையம்மாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1994-ஆம் ஆண்டு வண்டி. பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்குக் கொடுப்பது கார்புரேட்டர். கம்ப்யூட்டர் என்ற பேச்சே கிடையாது. போன மாத வீடியோவின் கீழே ஒருவர் "ஸ்கேனர் போட்டுப் பாருங்கள்" என்று எழுதியிருந்தார். ஐயா, ஸ்கேனர் என்பது காரின் கம்ப்யூட்டரில் பழுதைப் படிக்கிற கருவி, அதை இதில் எங்கே செருகுவது? சிகரெட் லைட்டரிலா? 20 ஆண்டைத் தாண்டிய காருக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தைப் பத்தாயிரமாக உயர்த்திவிட்டார்கள் என்று நான் புலம்பிய வீடியோவையும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோபம் ஆறுவதற்குள் இந்தத் தொல்லை ஆரம்பித்தது.

தொல்லை இதுதான். விடியற்காலை நான்கரைக்குத் தாம்பரத்தில் கிளம்புகிறேன். செங்கல்பட்டு வரை தங்கம் போல ஓடுகிறாள். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் படாளம் நெருங்கும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுவை இல்லை. எண்பதிலிருந்து அறுபது, அறுபதிலிருந்து நாற்பது. இரண்டு முறை இருமுகிறாள், குலுங்குகிறாள், அப்புறம் ஓரங்கட்ட வேண்டியதுதான். பின்னால் வந்த லாரிக்காரர் அடித்த ஹாரன் இன்னும் காதில் இருக்கிறது. பானட்டைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் நிற்கிறேன். சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆகிறாள். திண்டிவனம் வரை ஒரு முனகல் இல்லை.

திரும்பி வந்து மெக்கானிக் அண்ணனிடம் விட்டால் ஒரு குறையும் தெரியவில்லை. மத்தியான வெயிலில் வண்டலூர் வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "தம்பி, நீ கியரைத் தப்பாகப் போடுகிறாய்" என்றார். பதினெட்டு வருடமாகக் கார் ஓட்டுகிற என்னிடம்! இருந்தாலும் அவர் பெரியவர், நான் ஒன்றும் சொல்லவில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். நான் கணக்குப் பார்ப்பது உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும், "கஞ்சன் சேனல்" என்று எழுதுகிறீர்கள், பரவாயில்லை. ஸ்பார்க் பிளக் நான்கு, 440 ரூபாய். பிளக் வயர் ஒரு செட், 950. கண்டென்சர், 150. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிப் புது கிட் போட்டது, 1,800. டேங்கிலிருந்து பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் பெட்ரோல் பம்ப், 1,650. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கூலி 1,200. ஆக 6,190. ஒவ்வொன்றையும் மாற்றிய பிறகு ஊருக்குக் கிளம்புவேன், ஒவ்வொரு முறையும் படாளத்தில் நிற்பேன். அங்கே சாலையோரம் டீக்கடை வைத்திருக்கிற அக்கா நான்காவது தடவை என்னைப் பார்த்ததும், "என்ன தம்பி, இன்றைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே டீயை ஆற்ற ஆரம்பித்துவிட்டார்.

பழைய பெட்ரோல் பம்பைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்த ஆறு வாரத்தில் நான் புத்தியோடு செய்த காரியம் அது ஒன்றுதான். செய்தித்தாளில் சுற்றி வைத்திருக்கிறேன். அதன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

நீங்கள் எழுதிய யோசனைகளில் பாதிக்குப் பாதி எத்தனால். பெட்ரோலில் இப்போது இருபது சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள், அது பழைய வண்டியின் ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தை உறிஞ்சும் என்கிறீர்கள். ஒத்துக்கொள்கிறேன். அதற்காகத்தான் போன வருடமே ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றினேன். வீடியோவும் போட்டேன், 212 பேர்தான் பார்த்தீர்கள். ஆனால் எத்தனால்தான் காரணமென்றால் தாம்பரம் மார்க்கெட்டிலும் திணற வேண்டுமே? எத்தனாலுக்குப் படாளம் மட்டும் எப்படித் தெரியும்?

மெக்கானிக் அண்ணன் கடைசியாகப் பிடித்தது வேப்பர் லாக். இன்ஜின் சூட்டில் குழாயிலும் பம்பிலும் இருக்கிற பெட்ரோல் ஆவியாகிவிடும், ஆவியைப் பம்பால் இழுத்துத் தள்ள முடியாது, கார்புரேட்டர் காய்ந்துவிடும். கார்புரேட்டர் வண்டிகளுக்கு இது உண்மையாகவே வருகிற நோய்தான். "நின்றால் பம்பின் மேல் ஈரத்துணி போடு" என்றார். போட்டேன். பத்து நிமிடத்தில் வண்டி கிளம்பியது! அன்றைக்கு நான் எடுத்த வீடியோவின் தலைப்பே "ஈரத்துணி வைத்தியம் வெற்றி". தயவு செய்து அதைப் போய்ப் பார்க்காதீர்கள். துணி போடாமல் சும்மா நின்றிருந்தாலும் கிளம்பியிருக்கும். அதைவிட, வேப்பர் லாக் என்றால் மே மாத மத்தியானத்தில் வர வேண்டும். என் வண்டிக்கோ விடியற்காலையில், பனி இறங்குகிற நேரத்தில் வருகிறது. இது எனக்கு உறைக்க மூன்று வாரம் ஆனது.

உறைத்தது எப்படியென்றால், நோட்டு. என் மைலேஜ் நோட்டைக் கேலி செய்தவர்கள் எல்லோரும் இப்போது நிமிர்ந்து உட்காருங்கள். தேதி, நேரம், கிலோமீட்டர், டேங்கில் பெட்ரோல் எவ்வளவு, எல்லாம் எழுதுவேன். வண்டி நின்ற ஏழு தடவைக்கும் சிவப்பு மையில் வட்டம் போட்டுப் பார்த்தேன். இதோ, கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். பெட்ரோல் பத்தியைப் பாருங்கள். முழு. முழு. முழு. ஏழும் முழு. ஊருக்குப் போகும்போது மட்டும்தான் டேங்கை நிரப்புவேன். சென்னைக்குள் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போட மாட்டேன். மெக்கானிக்கிடம் விடும்போது அதுவும் இருக்காது. பிறர் கையில் வண்டியைக் கொடுக்கும்போது யாராவது டேங்கை நிரப்பிக் கொடுப்பார்களா? ஆக, டேங்க் நிறைந்திருந்தால் நோய் வருகிறது, மருத்துவரிடம் போகும்போது டேங்க் காலி. பிறகு அவருக்கு எப்படித் தெரியும்? கியர் விஷயத்தில் மட்டும் அவரை நான் மன்னிக்கவில்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். இதுதான் கதையின் தொடக்கமே. வண்டி முதல் தடவை நிற்பதற்கு ஒரு வாரம் முன்னால் பெட்ரோல் மூடியைத் தொலைத்தேன். பெட்ரோல் பங்கில் மூடியைக் கழற்றி மெஷினின் மேல் வைத்தேன், காசைக் கொடுத்தேன், கிளம்பிவிட்டேன். இரண்டு நாள் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு ஓட்டினேன். அப்புறம் ஒரு கடையில் சாவி வைத்த பூட்டு மூடி வாங்கினேன், 180 ரூபாய். பளபளவென்று இருக்கும். அதை வாங்கிய மகிழ்ச்சியில் நாற்பது வினாடிக் குறும்படம்கூடப் போட்டேன்.

சரி, நோட்டைப் பார்த்த பிறகு என்ன செய்தேன்? அறுபது ரூபாய்க்கு உள்ளே தெரிகிற மாதிரியான பெட்ரோல் ஃபில்டர் ஒன்றை வாங்கி, பம்புக்கு முன்னால் குழாயில் மாட்டினேன். பழைய கைப்பேசியை அதைப் பார்த்த மாதிரி பானட்டுக்குள் கட்டிவைத்து, பதிவை ஓடவிட்டுக் கிளம்பினேன். முழு டேங்க், விடியற்காலை. படாளம். நின்றாள். அக்கா டீ ஆற்றினார். நான் பதிவைப் பார்த்தேன்.

இந்தக் காட்சியை முழுதாகக் காட்டுகிறேன். முதல் அரை மணி நேரம் ஃபில்டர் நிறைய, தேன் நிறத்தில் பெட்ரோல். முப்பத்தோராவது நிமிடத்தில் மேலே ஒரு குமிழி. கடுகு அளவு. அது மிளகாகிறது, மிளகு சுண்டைக்காயாகிறது. மட்டம் மெல்ல இறங்குகிறது. கடைசியில் அடியில் ஒரு கோடு மட்டும் நடுங்கிக்கொண்டிருக்கிறது. புதுப் பம்ப் பாவம், இழுத்து இழுத்துப் பார்க்கிறது. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு, அதை இன்ஜின் ஒரு நெம்புகோலால் ஆட்டுகிறது, அவ்வளவுதான் இந்த வண்டியின் பம்ப். அதற்கு யானை பலம் கிடையாது. டேங்க் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

பதிவைப் பார்த்து முடித்ததும் போய் மூடியைத் திறந்தேன். உஸ்ஸ்ஸ்.

டேங்கிலிருந்து பெட்ரோல் வெளியேற வேண்டுமென்றால் அந்த இடத்துக்குக் காற்று உள்ளே வர வேண்டும். இளநீரில் ஒரே ஓட்டை போட்டுக் கவிழ்த்துப் பாருங்கள், மடக் மடக்கென்று சண்டை போட்டுக்கொண்டுதான் வரும். டேங்க் நிறைந்திருக்கும்போது மேலே மூன்று லிட்டர் காற்றுக்குத்தான் இடமிருக்கிறது என்று வையுங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் செலவானால் அந்த மூன்று லிட்டர்க் காற்று நான்கு லிட்டர் இடத்தில் பரவ வேண்டும். காற்றின் அழுத்தம் கால் பங்கு இறங்கிவிடும். அதே ஒரு லிட்டர், டேங்கில் முப்பது லிட்டர் காற்று இருக்கும்போது செலவானால் முப்பத்தொன்றில் ஒரு பங்குதான் இறங்கும், வண்டி கவனிக்கவே கவனிக்காது. வெயில் நேரத்தில் பெட்ரோல் ஆவியே கொஞ்சம் அந்த இடத்தை நிரப்பிவிடும். விடியற்காலைக் குளிரில் அந்த உதவியும் குறைவு. பத்து நிமிடம் நின்றால் ஏதோ ஒரு இடுக்கு வழியாகக் காற்று கசிந்து உள்ளே போய்விடும். ஈரத்துணி வைத்தியத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

ஆனாலும் உடனே நான் நம்பிவிடவில்லை. ஏழு முறை ஏமாந்தவன். மறுவாரம் அதே நேரம், அதே முழு டேங்க், மூடியை மட்டும் இறுக்காமல் மாட்டிக்கொண்டு போனேன். படாளம் தாண்டியது, மதுராந்தகம் தாண்டியது, ஒன்றுமில்லை. டேங்கை மறுபடி நிரப்பினேன். மூடியைப் பூட்டி அதே தூரம் ஓட்டினேன். நின்றாள்! நடுச்சாலையில் வண்டி நின்றதற்காக அவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். பழுதை நாம் கூப்பிட்டபோது அது வர வேண்டும். அதுவரை நாம் அதைப் பிடிக்கவில்லை.

பழைய மூடியின் உள்பக்கத்தில் சிறிய வால்வு ஒன்று இருந்திருக்கிறது. காற்றை உள்ளே விடும். பூட்டு மூடியில் அது இல்லை, முழு அடைப்பு. இதை நான் சொன்னதும் என் மச்சான், "மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை போடுங்கள் மாமா" என்றான். நீங்களும் அதைத்தான் எழுதப் போகிறீர்கள். போடாதீர்கள். வளைவில் திரும்பும்போது பெட்ரோல் அலம்பி வெளியே ஒழுகும், வண்டி முழுக்க ஆவி நாறும், மழைத்தண்ணீர் உள்ளே போகும்.

அதற்குள் இன்னொரு சந்தேகம். என் வண்டியில் டேங்க் கழுத்திலிருந்து ஒரு மெல்லிய காற்றுக் குழாய் கீழே இறங்குகிறது. மூடி அடைத்தாலும் அது காற்றை விட வேண்டுமே? பாயை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தேன். குழாயின் நுனியில் செம்மண் உருண்டை, சிமென்ட் பூசியது போல வழவழவென்று. குளவிக்கூடு! குச்சியால் குத்தினால் உதிர்ந்து உதிர்ந்து வருகிறது, நாலு விரல் நீளத்துக்கு. எந்த வருடம் கட்டியதோ. இத்தனை நாளும் பழைய மூடியின் வால்வு தனியாளாகச் சமாளித்திருக்கிறது. நான் அதைப் பங்கில் வைத்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் குளவியின் வேலை வெளியே தெரிந்தது. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்று அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. காரில் கட்டினால் என்னம்மா பிறக்கும் என்று கேட்டேன். "ஆட்டோ பிறக்கும், போடா" என்றார்.

குழாயைச் சுத்தம் செய்து, பழைய டீ வடிகட்டியின் வலையை வெட்டி நுனியில் கட்டிவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் வால்வுள்ள மூடி இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. மூடியைத் தொலைத்த பங்குக்கே போய்க் கேட்டேன். அங்கிருந்த தம்பி ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய் ஓர் அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்தான். உள்ளே பதினான்கு மூடிகள்! எல்லாம் மெஷினின் மேல் வைத்துவிட்டுப் போனவை. என்னைப் போல இந்த ஊரில் இன்னும் பதினான்கு பேர் இருக்கிறார்கள் என்று நினைத்தபோது வந்த ஆறுதலுக்கு அளவே இல்லை. இத்தனைக்கும் அதில் என்னுடையது இல்லை. ஆனால் கறுப்பாக ஒரு மூடி, வெள்ளையம்மாவின் கழுத்தில் அப்படியே உட்கார்ந்தது. உள்பக்கம் வாய் வைத்து உறிஞ்சினேன். "டிக்" என்று சின்ன சத்தம், காற்று வருகிறது. பெட்ரோல் வாடை அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நாக்கில் இருந்தது. தம்பிக்கு டீக்கு இருபது ரூபாய் கொடுத்தேன்.

நேற்று முழு டேங்கோடு ஊருக்குப் போய்த் திரும்பினேன். ஃபில்டரில் ஒரு குமிழி இல்லை. படாளத்தில் வேண்டுமென்றே நிறுத்தி டீ குடித்தேன். அக்கா பானட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரியாகிவிட்டதா?" என்று கேட்டார். குரலில் கொஞ்சம் வருத்தம் இருந்தது போலத்தான் எனக்குப் பட்டது.

அந்தக் கறுப்பு மூடியைத் தொலைத்தவர் யாராவது இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கீழே எழுதுங்கள். உள்பக்கம் ஓரத்தில் ஒரு கீறல் இருக்கிறது, அதன் வடிவத்தைச் சரியாகச் சொன்னால் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். கூடவே என் பூட்டு மூடியையும் சாவியோடு தருகிறேன், 180 ரூபாய் மூடி. உங்கள் வண்டியில் குளவி இல்லை என்பதை மட்டும் முதலில் குனிந்து பார்த்துக்கொள்ளுங்கள்.