கலங்கல் நீரும் சோப்பும்

நேயர்களுக்கு வணக்கம். புதுமழைக்கு ஏரியில் வந்து சேரும் செம்மண் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் மொண்டு வைத்துப் பாருங்கள். மணல் உடனே அடியில் உட்கார்ந்துவிடும். களிமண் உட்காராது. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு பருமனுள்ள துகள் ஒரு மீட்டர் ஆழம் இறங்க ஏறக்குறைய 13 நாள் ஆகும், அதுவும் தண்ணீர் அசையாமல் இருந்தால். துகள் பொடி என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம், களிமண் துகள்கள் எல்லாமே தண்ணீரில் எதிர் மின்னூட்டத்தோடு, அதாவது மைனஸ் மின்னூட்டத்தோடு, இருப்பது. ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் வந்தால்தானே திரளும், திரண்டால்தானே இறங்கும்?

இதற்கு நம்மவர்கள் கண்ட வழி தேற்றாங்கொட்டை. சங்கப் பாட்டிலேயே வந்துவிட்ட கொட்டை. இந்தப் பேச்சை எடுத்தால் நான் லேசில் விடமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மண்பானையின் உட்புறத்தை நனைத்து, சொரசொரப்பான இடமாகப் பார்த்துக் கொட்டையை வட்டவட்டமாகத் தேய்ப்பார்கள். வெளுப்பாக ஒரு பசை படியும். அதன்மேல் கலங்கல் நீரை ஊற்றி மூடிவைத்தால், விடிந்ததும் மேலே தெளிவு, அடியில் சேறு. முருங்கை விதையும் தெளிய வைக்கும், ஆனால் வழி வேறு. முருங்கை விதையின் புரதத்தில் நேர் மின்னூட்டம் உண்டு. அது களிமண்ணின் தள்ளுமுள்ளை அடக்கிவிடுகிறது. படிகாரத்திலுள்ள அலுமினியமும் அப்படித்தான். தேற்றாங்கொட்டையில் இருப்பவை நீளநீளமான சர்க்கரைச் சங்கிலிகள். ஒரு பக்கம் ஒரு துகளைப் பிடிக்கும், இன்னொரு பக்கம் வேறொன்றைப் பிடிக்கும். முருங்கை சண்டையை நிறுத்துகிறது, தேற்றான் பிடித்துக் கட்டுகிறது. இந்த இரண்டையும் ஞாபகம் வையுங்கள்.

இப்போது சோப்புக்கு வருவோம். சோப்பு, டிடர்ஜென்ட் எல்லாம் சர்பேக்டன்ட் இனம். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் தண்ணீருக்கு இசைந்த தலை ஒன்று, தண்ணீருக்கு ஆகாத எண்ணெய் வால் ஒன்று. தலையில் என்ன மின்னூட்டம் என்பதுதான் கேள்வி. துணிக்கும் பாத்திரத்துக்கும் போடுவது பெரும்பாலும் எதிர் மின்னூட்டம். களிமண்ணும் எதிர். ஆகவே எளிதில் ஒட்டாது. அழுக்கைத் திரளவிடாமல் தண்ணீரிலேயே நிறுத்தி வெளியேற்றத்தானே சோப்பு போடுகிறோம்! சோப்புத் தண்ணீர் கலந்த குட்டை சீக்கிரம் தெளியவில்லை என்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

நேர் மின்னூட்டத் தலை கொண்டவையும் உண்டு. காயம் கழுவும் சில மருந்துகளில் இருக்கும் செட்ரிமைடு அந்த வகை; தலைமுடிக்குப் போடும் கண்டிஷனரிலும் இதன் பங்காளிகள் இருக்கிறார்கள். இவற்றின் தலை களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், வால் தண்ணீர்ப் பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். வாலுக்குத் தண்ணீர் பிடிக்காது. ரசத்தின்மேல் எண்ணெய்ப் பொட்டுகள் ஒன்றோடொன்று சேருகிற மாதிரி, துகள்கள் சேர்ந்து திரண்டு இறங்கிவிடும். குவார்ட்ஸ் கல்லின்மேல் இந்த வால்கள் ஒன்றையொன்று நாடிக் கூட்டமாக ஒட்டுகின்றன என்று 1955இல் காடின், ஃபுயர்ஸ்டெனாவ் என்ற கனிம ஆய்வாளர்கள் இருவரும் எழுதினார்கள்.

கொஞ்சம் ஊற்றியதற்கே இப்படித் தெளிகிறதே, இன்னும் ஊற்றினால்? மறுபடி கலங்கும். நீட்டிக்கொண்டிருக்கும் வால்களின்மேல் இரண்டாவது வரிசை வாலோடு வாலாக வந்து படியும். தலைகள் வெளியே. இப்போது எல்லாத் துகளுக்கும் நேர் மின்னூட்டம். பழையபடி தள்ளுமுள்ளு! திரும்பவும் சொல்கிறேன்: அளவாகப் போட்டால் திரளும், அதிகமானால் சிதறும். மருந்து ஒன்றுதான், மாறியது அளவு.

சுரங்கத் தொழிலைப் பற்றித்தான் அதிகம் பேச நினைத்து வந்தேன், நிலையத்தார் கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். சுருக்கமாக. இரும்புத் தாதுவில் கலந்திருக்கும் குவார்ட்ஸை நுரையோடு மிதக்கவிட்டுப் பிரிக்க அமீன் என்ற சர்பேக்டன்ட் போடுவார்கள். அதில் மிச்சம் கழிவுச் சேற்றோடு போகும். அங்கே தேற்றான் வேலையைச் செய்யப் பாலிஅக்ரிலமைடு என்ற நீளச் சங்கிலிச் செயற்கைப் பொருளை ஊற்றினால், துகளின் மேற்பரப்பில் அமீன் முன்பே இடம் பிடித்திருக்கும். சில சேற்றில் அது உதவி, சில சேற்றில் உபத்திரவம். எதை முதலில் போடுவது என்பதும் முக்கியம். அமெரிக்காவின் புளோரிடாவில் பாஸ்பேட் சுரங்கக் களிமண் குட்டைகள் ஆண்டுக்கணக்கில் இறுகாமல் கிடப்பது தனிக்கதை.

வீட்டில் சோதித்துப் பார்க்கிறவர்கள் களிமண்ணை மழைத் தண்ணீரில் கரையுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள கால்சியமே பாதி வேலையைச் செய்துவிடும். அந்தத் தண்ணீரை யாரும் குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வணக்கம்.