அந்தக் கல்லுக்கு எந்த ஊர்?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், அட்லாண்டிக் கரையோரம், மெய்ன் என்று ஒரு மாநிலம். அங்கே மவுண்ட் டெசர்ட் என்ற தீவில்தான் அகேடியா தேசியப் பூங்காவின் பெரும்பகுதி இருக்கிறது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் பூச்செடியும் நினைவுக்கு வரும். இது அப்படியில்லை. மலை, ஏரி, காடு, அப்புறம் நேராகக் கடலில் இறங்கும் பாறைக்கரை. முப்பது வருடம் புவியியல் பாடம் நடத்திவிட்டு, மகள் வீட்டுக்குப் போன இடத்தில் மூன்று முறை அதைப் பார்த்து வந்தேன். மூன்று முறையும் ஒரே ஒரு கல்லைப் பார்க்கத்தான் முதலில் ஓடினேன். அந்தக் கல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு பபிள் பாறை என்று பெயர். ஒரு குன்றின் விளிம்பில், இதோ விழப்போகிறேன் என்பதுபோல உட்கார்ந்திருக்கிறது. ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு இருக்கும். போகிறவர்கள் எல்லாரும் அதைத் தள்ளுவதுபோல நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். என் பேத்தியும் தள்ளினாள். “தாத்தா, நம்ம மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டை மாதிரியே இருக்கு!” என்றாள்.

பார்வைக்கு அப்படித்தான். ஆனால் மாமல்லபுரத்துக் கல்லும் அது உட்கார்ந்திருக்கும் சரிவும் ஒரே பாறை. வெயிலும் மழையும் சுற்றியிருந்ததைக் கரைத்துவிட்டன, உருண்டை மட்டும் மிஞ்சியது. அது பிறந்த வீட்டிலேயே இருக்கிற கல்.

பபிள் பாறை அப்படி இல்லை. பேத்தியைக் குனியச் சொன்னேன். காலடியில் இருப்பது இளஞ்சிவப்புக் கிரானைட். பிறகு நிமிர்ந்து உருண்டையைப் பார்க்கச் சொன்னேன். வெள்ளை நிறம், அதில் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பெரிய பெரிய படிகங்கள், இடையிடையே கறுப்பு. இரண்டும் கிரானைட்தான், ஆனால் இரண்டும் ஒரே குடும்பம் இல்லை. அந்த வெள்ளைக் கிரானைட்டுக்குச் சொந்த ஊர் வடமேற்கே பல கிலோமீட்டர் தள்ளி, லூசர்ன் என்ற இடத்தின் பக்கம். அங்கே அது மலையாகவே கிடக்கிறது. அப்படியானால் இத்தனை பெரிய கல்லை அங்கிருந்து தூக்கி வந்து குன்றின் மேல் வைத்தது யார்?

பைபிளில் வரும் பெருவெள்ளம் இத்தகைய கற்களை அடித்து வந்தது என்றுதான் நெடுநாள் பலர் நம்பினார்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்த லூயி அகாசிஸ், ஆல்ப்ஸ் மலையில் பனியாறுகள், அதாவது மெல்ல நகரும் பெரும் பனிப்பாளங்கள், கல்லைச் சுமந்துபோவதைக் கண்ணால் கண்ட அறிஞர். அவர் 1864இல் இந்தத் தீவுக்கு வந்தார். பாறைகளில் இருந்த கீறல்களைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் அல்ல, பனிக்கட்டி.

எவ்வளவு பனி? ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான கனம். தீவின் உயர்ந்த சிகரமான கேடிலாக் மலைக்கு உயரம் 466 மீட்டர். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் அதைவிட உயர்ந்த மலை கிடையாது. பனியுகத்தில் அந்த மலையே மொத்தமாகப் பனிக்குள் புதைந்திருந்தது. அத்தனை கனத்தில் பனி கட்டியாக நிற்காது. தோசைக்கல்லில் ஊற்றிய மாவு மாதிரி, தன் பாரத்தாலேயே மெல்ல மெல்லப் பரவும். இங்கே அது வடக்கிலிருந்து கடலை நோக்கிப் பரவியது. வரும் வழியில் அகப்பட்டதை எல்லாம் பிடுங்கிக்கொண்டு வந்தது. உருகியபோது அந்தந்த இடத்தில் போட்டுவிட்டுப் போனது. பபிள் பாறை அப்படிப் போட்டுவிட்டுப் போன கல்.

கேடிலாக் உச்சியில் கேமராவைக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு, பாறையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சில இடங்களில் இழைத்த தரைபோல வழவழப்பு. அதன் மேல் வடக்கு தெற்காக மெல்லிய கீறல்கள். உப்புத்தாளை வைத்து மரத்தைத் தேய்க்கிறோமே, தேய்ப்பது தாளா? தாளில் ஒட்டிய மணல்தானே. இங்கே பனிதான் தாள். அதன் அடியில் சிக்கிய கற்கள்தான் மணல். இன்னும் சில இடங்களில் விரல் நுனி உட்காரும் அளவுக்குப் பிறை பிறையாகச் சில்லுகள் பெயர்ந்திருக்கும். மேலே அழுந்தியபடி போன கல் கொத்திய தடம் அது.

இந்தத் தீவின் குன்றுகளுக்கு ஒரு ஜாடை உண்டு. வடக்குப் பக்கம் சாய்வாக, வழுவழுப்பாக ஏறும். தெற்குப் பக்கம் திடீரென்று படிபடியாக உடைந்து விழும். பனி ஏறும்போது தேய்த்தது, இறங்கும்போது பிடுங்கியது. விரிசலில் புகுந்த நீர் உறைந்து, கல்லுடைப்பவர் அடிக்கும் ஆப்பைப் போலப் பாறையைப் பிளந்தது. பிளந்த கட்டிகளைப் பனி இழுத்துக்கொண்டு போனது. தேன்கூடு என்று பெயர் வைத்த ஒரு குன்றின் செங்குத்தான முகம் இப்படி வந்ததுதான். கிழக்கு மேற்காகக் கிடந்த ஒரே மலைத்தொடரைப் பனி பல இடங்களில் அறுத்துப் பள்ளத்தாக்குகள் ஆக்கியது. ஒன்றில் ஜோர்டன் ஏரி நிற்கிறது. பனி கொட்டிவிட்டுப் போன கல்லும் மண்ணும்தான் அதன் தெற்குக் கரை. இன்னொன்றுக்குள் கடலே நுழைந்து, தீவைக் கிட்டத்தட்ட இரண்டாக்கிவிட்டது. அதற்கு சோம்ஸ் சவுண்ட் என்று பெயர்.

1604இல் பிரெஞ்சு மாலுமி சாம்ப்ளேன் கப்பலிலிருந்து பார்த்துவிட்டு, மொட்டை மலைகளின் தீவு என்று பொருள்படப் பெயர் வைத்தார். பனி சுரண்டிய உச்சிகளைத்தான் அவர் பார்த்தார்.

பனியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பனிக்குச் செதுக்கக் கிடைத்த கல் எங்கிருந்து வந்தது? அதற்கு 42 கோடி ஆண்டு பின்னால் போகவேண்டும். அப்போது அட்லாண்டிக் கடலே இல்லை. அதற்கு முந்தைய ஒரு கடல் மூடிக்கொண்டிருந்தது. அதில் மிதந்து வந்த சிறு நிலத்துண்டுகள் வட அமெரிக்காவின் மேல் மோதி ஒட்டிக்கொண்டன. அந்தக் காலத்தில் தரைக்கடியில் உருகிய குழம்பு பெரிய தேக்கமாக நின்றது. மேலே எரிமலைகள் வெடித்தன. தேக்கத்தின் கூரை நொறுங்கி உள்ளே விழுந்தது. விழுந்த கறுப்புத் துண்டுகள் வெளிர் கிரானைட்டில் அப்படியே உறைந்து நிற்பதைக் கடலோரத்தில் இன்றும் பார்க்கலாம். வெண்பொங்கலில் மிளகு கிடப்பதுபோல இருக்கும். தேக்கம் பூமிக்கடியில் மெதுவாக ஆறியதால்தான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படிகங்கள் பெரிதாயின. மேலே இருந்த பாறை எல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் தேய்ந்து போனதால்தான் அது இன்று உச்சியில் தெரிகிறது.

நேரமாகிறது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நண்பர் கைகாட்டுகிறார். கடலைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பனியின் பாரத்தில் தரையே கீழே அமிழ்ந்திருந்தது, நாம் உட்கார்ந்த மெத்தை அமிழ்வதுபோல. சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் பனி விலகியதும் தாழ்ந்து கிடந்த நிலத்தில் கடல் ஏறியது. பிறகு மெத்தை எழும்புவதுபோல் நிலம் எழும்பியது. அதனால்தான் கோரம் மலைச்சரிவில், இன்றைய கடல்மட்டத்துக்கு சுமார் 60 மீட்டருக்கும் மேலே, அலை குடைந்த குகை ஒன்று இருக்கிறது.

கடைசியாக அங்கேயுள்ள மணல் கடற்கரை. ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன். பாதிக்கு மேல் மணலே இல்லை. நொறுங்கிய சிப்பி, நண்டு ஓடு, கடல் முள்ளெலியின் பச்சை முள். பேத்தி கைக்குட்டையில் முடிந்துகொள்ளப் பார்த்தாள். அங்கிருந்து எதையும் எடுத்துப்போகக் கூடாது என்பது பூங்காவின் விதி என்று சொன்னேன். இருவரும் அதை அலை ஓரத்திலேயே உதறிவிட்டு வந்தோம். வணக்கம்.