லக்சம்பர்க் தேர்தல்: அந்த ரெண்டு சீட் எங்கே போனது?

ஆட்சியில் மூன்று கட்சிகள். தேர்தலில் அதில் இரண்டுக்கு சீட் கூடியது, ஆனாலும் ஆட்சி போய்விட்டது. 2023 அக்டோபர் 8, லக்சம்பர்க்.

(திரையில்: வரைபடம்)

பெல்ஜியம், பிரான்ஸ், ஜெர்மனிக்கு நடுவில் இருக்கிற குட்டி நாடு. நாடாளுமன்றத்தில் மொத்தமே 60 இடம்தான், 31 இருந்தால் பெரும்பான்மை.

முதலில் 2013-க்குப் போவோம். 1995-லிருந்து பிரதமராக இருந்த யுங்கரின் கிறிஸ்தவ சமூக மக்கள் கட்சிதான் அந்தத் தேர்தலிலும் பெரிய கட்சி, 23 இடம். ஆனால் லிபரல்கள் 13, சோசலிஸ்டுகள் 13, பசுமைக் கட்சி 6 என்று மூவரும் கைகோர்த்து 32 காட்டினார்கள், லிபரல் தலைவர் சேவியர் பெட்டல் பிரதமரானார். மூன்று கட்சிகளின் நிறமும் காம்பியா நாட்டுக் கொடியில் இருப்பதால் இதற்கு காம்பியா கூட்டணி என்றே பெயர் விழுந்தது. 2018-ல் சரியாக 31, மயிரிழையில் தப்பித்தார்கள்.

(திரையில்: வாக்குச்சீட்டு)

இங்கே ஓட்டுப்போடும் முறை எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். தெற்குத் தொகுதிக்கு 23 இடம் என்றால் அங்குள்ள ஒவ்வொருவருக்கும் 23 ஓட்டு! மொத்தமாக ஒரே கட்சிப் பட்டியலுக்குப் போடலாம், இல்லையென்றால் பிடித்த ஆட்களாகப் பார்த்து நாலு கட்சிக்கும் பிரித்துப் போடலாம், ஒரே ஆளுக்கு அதிகபட்சம் இரண்டு.

சரி, 2023. லிபரல்கள் 12-லிருந்து 14, சோசலிஸ்டுகள் 10-லிருந்து 11. பசுமைக் கட்சியோ 9-லிருந்து 4-க்குச் சரிந்தது. கூட்டினால் 29, இரண்டு குறைகிறது. மறுநாளே அப்போது நாட்டின் மன்னராக இருந்த கிராண்ட் டியூக் ஹென்றி, 21 இடம் வென்ற கிறிஸ்தவ சமூகக் கட்சியின் லுக் ஃப்ரீடனிடம் அரசமைக்கும் பொறுப்பைக் கொடுத்தார். அவர் கூப்பிட்டது யாரை? பெட்டலின் லிபரல்களை! 21-ம் 14-ம் சேர்ந்து 35. நவம்பர் 17-ல் ஃப்ரீடன் பிரதமர், பெட்டல் துணைப் பிரதமர்.

அப்புறம் ஒன்று, எனக்கு உறுத்துவது இதுதான். அந்த நாட்டில் வாழ்கிறவர்களில் கிட்டத்தட்ட பாதிப்பேர் வெளிநாட்டுக் குடிமக்கள், அவர்களுக்கு இந்தத் தேர்தலில் ஓட்டே கிடையாது. கொடுக்கலாமா என்று 2015-ல் பொதுவாக்கெடுப்பு வைத்தபோது சுமார் 78 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். உள்ளாட்சித் தேர்தலில் அவர்கள் ஓட்டுப்போடலாம், அதற்கு ஐந்து வருடம் குடியிருந்திருக்க வேண்டும் என்ற விதியையும் 2023 ஜூன் தேர்தலுக்கு முன்பே எடுத்துவிட்டார்கள், ஆனால் நாடாளுமன்றத்துக்கு இன்னும் குடியுரிமை கேட்கிறார்கள்.