மேட்ஜ் சையர்ஸ்: விதி பேசாத இடத்தில் நுழைந்தவர்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். பனித்தளத்தில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆடவருக்கும் மகளிருக்கும் தனித்தனிப் பட்டங்கள் இருப்பதை இன்று நாம் இயல்பாக எடுத்துக்கொள்கிறோம். 1902ஆம் ஆண்டு லண்டனில் நடந்த உலகப் போட்டிக்கு மேட்ஜ் சையர்ஸ் என்னும் இருபது வயது ஆங்கிலேயப் பெண் பெயர் கொடுத்தபோது, அத்தகைய ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. பெண்கள் கலந்துகொள்ளலாம் என்று பன்னாட்டு ஸ்கேட்டிங் சங்கத்தின் விதிகள் கூறவில்லை, கூடாதென்றும் கூறவில்லை. ஒரு பெண் வந்து நிற்பாள் என்று விதி வகுத்தவர்களுக்குத் தோன்றியிராது என்றே நான் கருதுகிறேன். வந்தவரோ, சுவீடனின் உல்ரிக் சால்கோவுக்கு அடுத்து, மற்ற ஆடவர்களை முந்திக்கொண்டு இரண்டாம் இடம் பெற்றார்.

அடுத்த ஆண்டே சங்கம் கூடி, உலகப் போட்டியில் பெண்கள் கலந்துகொள்ளத் தடை விதித்தது. நீண்ட பாவாடை பாதங்களை மறைப்பதால் நடுவர்களால் மதிப்பிட இயலாது என்பது ஒரு காரணம். நடுவர் ஒருவர் தாம் காதலிக்கும் பெண்ணுக்கே மதிப்பெண் வழங்க நேரலாம் என்பது மற்றொன்று. மனம் தடுமாறக்கூடிய நடுவரை விட்டுவிட்டுப் போட்டியாளரை விலக்கிய இந்த நியாயம் வேடிக்கையானதுதான். முதற்காரணத்திற்கு விடையாகச் சொல்லத்தக்கது, கெண்டைக்கால் அளவே நீளும் பாவாடையணிந்து மேட்ஜ் ஆடியதாகும்.

உடலை விறைப்பாக நிறுத்தி ஆடும் ஆங்கிலப் பாணியில் பழகிய அவரைத் தளர்வான ஐரோப்பியப் பாணிக்குத் திருப்பியவர் அவருடைய கணவரும் பயிற்சியாளருமான எட்கர் சையர்ஸ். ஆடவரும் பெண்டிரும் ஒரே பிரிவில் போட்டியிட்ட பிரிட்டிஷ் பட்டத்தை மேட்ஜ் 1903இல் வென்றார். 1904இல் அந்தக் கணவரையே தோற்கடித்து மீண்டும் வென்றார்.

தடை நீடிக்க முடியாமல், 1906இல் சுவிட்சர்லாந்தின் தாவோஸ் நகரில் மகளிருக்கெனத் தனிப்போட்டி தொடங்கப்பட்டது. அதிலும், மறுஆண்டு வியன்னாவிலும் பட்டம் அவருக்கே கிடைத்தது. அவை உலகப் பட்டங்களாக ஏற்கப்பட்டது பின்னாளில்தான். 1908 அக்டோபரில் லண்டன் ஒலிம்பிக்கில் தனிப்பிரிவில் தங்கமும், எட்கருடன் இணைந்து ஆடிய இணைப்பிரிவில் வெண்கலமும் பெற்றார். ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் இடம்பெற்றது அதுவே முதன்முறை. அதன்பின் உடல்நலம் குன்றிப் போட்டிகளிலிருந்து விலகிய மேட்ஜ், 1917இல் இதயநோயால் முப்பத்தைந்து வயதில் காலமானார்.